ஆட்சேபனை இல்லையே

“அந்தத் தண்ணியில போட்டாத்தானுங்க டீ டீயாட்டம் இருக்குது. இது வெறும் சாயமுங்க” என்று பின்வரிசையில் அம்சவேணி அக்கா பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னது மங்கையர்க்கரசியின் காதில் விழுந்தது. கேட்பதற்காக அவள் காதைக் கொடுக்கவில்லை. அவள் முன்னால் ஆட்கள் கவனமில்லாமல் பேசிவிடுவது வழக்கம்தான்; அதிகம் பேசாதவர்களைப் பலரும் பாதிச் செவிடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தண்ணி என்றால் பாண்டிமீனா கொண்டுவரும் கேன். இது என்றால் ராயன் வாட்டர்ஸ். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம், குடியிருப்போர் சங்கக் கூட்டம். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கார்களை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தரையில் எண்ணெய்க் கறைகள் அப்படியே கிடந்தன. ஒவ்வொருத்தியும் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, கறைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நாற்காலியை நகர்த்திக்கொண்டதில் வரிசைகள் எல்லாம் கோணலாகிவிட்டன. மங்கை கறையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். நகர்த்தினால் சத்தம் வரும், சத்தம் வந்தால் திரும்பிப் பார்ப்பார்கள். மேசைக்குப் பின்னால் செயலாளர் நாச்சிமுத்து மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. பீளமேட்டில் ஒரு மில்லில் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொழிற்சங்கக் குரல் அது. மில் மூடி எத்தனையோ வருஷமாகியும் குரல் மட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாளை முதல் குடிதண்ணீர் கேன் ராயன் வாட்டர்ஸிடம் மட்டுமே வாங்குவது, வேறு எந்தத் தண்ணீர் வண்டியையும் கேட்டுக்குள் விடுவதில்லை, இதுதான் தீர்மானம். அவர் முதலில் விளக்குவார், அப்புறம் யாராவது ரெண்டு பேர் ஆமாம் போடுவார்கள், அப்புறம் “ஆட்சேபனை இல்லையே?” என்று கேட்பார். யாரும் பேசாவிட்டால் உள்ளங்கையால் மேசையைத் தட்டுவார். தட்டினால் முடிந்தது. கை தூக்கச் சொல்லும் வழக்கம் இங்கே கிடையாது. மில் காலத்தில் கை தூக்குகிறவனை சூப்பர்வைசர் மறைந்திருந்து பார்த்துவைத்துக்கொண்டு மறுநாள் ஷிப்டை மாற்றிவிடுவானாம். அதனால் சங்கத்தில் பேசாமல் இருப்பதே சம்மதம் என்று வைத்தார்களாம், யார் தலையும் தனியாகத் தெரியாது. இதை அவர் பெருமையோடுதான் சொல்வார். அந்த மில்லில் அது நல்ல வழக்கமாகத்தான் இருந்திருக்கும் என்று மங்கைக்கும் தோன்றும். ஒரு வழக்கம் ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அதைக் குறை சொல்வது அவளுக்குப் பிடிக்காது. ஆனால் இங்கே சூப்பர்வைசர் யார்?

கேட்டுக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் பாண்டிமீனாவின் லோடு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. கூட்டம் முடியட்டும் என்று வாட்ச்மேன் நிறுத்திவைத்திருந்தார். அவள் ஓட்டுகிற சீட்டிலேயே ஒரு காலை வெளியே தொங்கப்போட்டு, அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தாள். இங்கிருந்து பார்த்தால் முகம் தெரியாது, விசிறுகிற கை மட்டும் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் வந்து வந்து போயிற்று. அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க மங்கை மேசை விரிப்பைப் பார்த்தாள். மேசை விரிப்பில் வாத்துகள் இருந்தன. போன கோடையில் இந்தக் கட்டடத்துக்கு நல்ல தண்ணீர் வரவேயில்லை. ராயன்காரருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுத்தால் “லோடு இல்லீங்க, பொறுத்துக்கோங்க” என்பார். போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள், உப்புக்கரித்தது, சோறு மஞ்சளாக வந்தது, அம்மா ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டாள். அப்போதுதான் ஒரு நாள் பம்ப்செட் கம்பெனி வேலை முடிந்து வரும்போது கணபதி சிக்னலில் தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு மூன்று சக்கர சைக்கிளையும் அதை மிதித்துக்கொண்டிருந்த பெண்ணையும் பார்த்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது. “எங்க அபார்ட்மென்டுக்கு வருவீங்களா?” முன்பின் தெரியாத ஒருவரை நடுத்தெருவில் அவள் கூப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். கூப்பிட்டுவிட்டு மேற்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றாள். “என்னா பாப்பா, நீயே கூப்பிட்டுட்டு நீயே முழிக்கிற? எங்கிட்டு இருக்கு வீடு, வழியச் சொல்லு” என்றாள் பாண்டிமீனா. உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சு, கோயம்புத்தூருக்கு வந்தும் கொஞ்சமும் கரையாத பேச்சு. அன்றைக்கே வந்தாள். கோடை முடிந்தும் வந்தாள். முதலில் மூன்றாவது மாடி மட்டும், பிறகு பாதிக் கட்டடம். சைக்கிளைக் கொடுத்துவிட்டு லோடு ஆட்டோ வாங்கினாள். “உன்னைய நம்பித்தான் பாப்பா வண்டியவே மாத்துனேன்” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நன்றியாகத்தான் சொன்னாள். அது மங்கையின் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது, அவள் மீன் சாப்பிடுகிறவள் இல்லை என்றாலும்.

“ரெண்டு வண்டி உள்ள வந்தா என்னாகுமுங்க? இவன் ஒரு ரூபா கொறைப்பான், அவ ரெண்டு ரூபா கொறைப்பா. அப்பறம் ரெண்டு பேருக்கும் கட்டாது. கட்டலைன்னா எதுல கை வைப்பாங்க? தண்ணியில. வவுத்தால போறது நம்முளுக்குத்தான்” என்று நாச்சிமுத்து சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்குவதற்கு அவர் இடம் விட்டார், அதெல்லாம் அவருக்குத் தெரியும். “ஒரே ஆளு, ஒரே வெலை. மேல் வீட்டுக்கு ஒண்ணு கீழ் வீட்டுக்கு ஒண்ணுன்னு கெடையாது. எல்லாரும் சமமுங்க.” அவர் நல்லவர். அதுதான் சிக்கல். ராயன்காரரிடமிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூட இனாமாக வாங்காதவர், சொல்வதை நம்பிச் சொல்கிறவர். ஒரு தீபாவளியன்று அம்மாவுக்குக் குடல்வால் வெடித்துப்போய், பட்டாசுப் புகையில் ஒரு ஆட்டோகூடக் கிடைக்காமல் அப்பா ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது, மகள் மருமகன் பேரன் எல்லாரும் தலைவாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, இவர் அப்படியே எழுந்து கையைக்கூடக் கழுவாமல் வந்து காரை எடுத்தார். ஸ்டியரிங்கில் நெய் ஒட்டியிருந்தது. மங்கை பின்சீட்டில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த நெய்ப் பளபளப்பையே பார்த்துக்கொண்டு போனாள். அந்த மனிதரை நாலு பேருக்கு முன்னால் மறுத்துப் பேசுவதா? “பல்லடத்துக் கல்யாணத்துக்குப் போகாம இருக்க முடியாது, எனக்குப் பதிலா நீ போய் உக்காரு. நாச்சிமுத்தண்ணன் என்ன சொன்னாலும் சரின்னுட்டு வா” என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். சரி என்று சொல்லக்கூட வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இந்தக் கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் அவரை அங்கிள் என்கிறார்கள். அவள் ஒருத்திதான் பெரியப்பா என்று கூப்பிடுகிறாள், உறவு ஒன்றும் இல்லாமலேயே. பெரியவர்களைப் பெரியவர்களாக வைத்திருந்தால்தான் ஒரு இடம் இடமாக இருக்கும் என்பது அவள் நினைப்பு. இந்த நினைப்பும் கேட்டைத் திறந்துவிட வேண்டும் என்கிற நினைப்பும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்று இதுநாள் வரை அவளுக்குத் தோன்றியதில்லை. இரண்டும் ஒரே அலமாரியில் மடித்துவைத்த துணிகள் மாதிரி இருந்தன.

மங்கையர்க்கரசி. பெயரே பழையது. கல்லூரியில் முதல் நாள் வருகைப்பதிவிலேயே சிரித்தார்கள். பொருளாதாரம் எம்.ஏ.வில் கூடப் படித்தவன் ஆதவன், இப்போது இதே கட்டடத்தில் நான்காவது மாடி, இதோ முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். “மங்கை எம்.ஏ. எக்கனாமிக்ஸ் இல்லடா, எம்.ஏ. பிற்போக்கு” என்று சொன்னவன் அவன்தான். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அவன் எதையுமே கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. பிரதோஷத்துக்கு விரதம் இருக்கிறாள், வீட்டில் பார்க்கிற மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள், இதற்கு மேல் சர்க்கார் எதற்கு அரிசிக்கடைக்காரனுக்கு விலை சொல்ல வேண்டும் என்று வேறு கேட்கிறாள் என்றால் அவர்களுக்கு எல்லாம் ஒரே இருட்டறையிலிருந்து வருவதாகத் தோன்றியது. ஒரு தேர்வில் விலைக் கட்டுப்பாட்டைப் பற்றி அவள் எழுதிய விடையின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் ‘மனிதாபிமானம் எங்கே?’ என்று எழுதியிருந்தார். அந்தக் கேள்விக்கு அவள் மனதுக்குள் எத்தனையோ தடவை பதில் எழுதிப் பார்த்திருக்கிறாள். கடைகளில் நின்று கவனித்திருக்கிறாள். காசைக் கொடுத்துப் பொருளை வாங்கியதும் வாங்கினவர் தலையை ஆட்டுகிறார், விற்றவரும் தலையை ஆட்டுகிறார். இரண்டு பேருக்கும் வந்தது போனதைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. ஒருத்தரை ஒருத்தர் பிடித்திருக்க வேண்டியதில்லை, ஒரே சாமியைக் கும்பிட வேண்டியதில்லை, அடித்துக்கொள்ளாமல் அவரவர் வழியே போகிறார்கள். மனிதர்கள் கண்டுபிடித்ததிலேயே இவ்வளவு சாதுவான காரியம் வேறு இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இதை எப்படிச் சிவப்பு மைக்குப் பக்கத்தில் எழுதுவது? ஆதவன் எழுந்தான். “நாச்சிமுத்து அங்கிள் சொல்றதுதான் கரெக்ட். போட்டி போட்டின்னு விட்டுத்தான் நாடே நாசமாப் போச்சு. இங்கயாவது ஒரு ஒழுங்கு வேணும்.” கைதட்டல். மதியம்தான் இவன் வாசலில் ஒரு கம்பெனிப் பையனிடம் பிரியாணியும் இன்னொரு கம்பெனிப் பையனிடம் ஐஸ்கிரீமும் வாங்கிக்கொண்டிருந்தான். எந்தக் கம்பெனிச் சட்டை போட்டு வந்தாலும் கேட் திறக்கிறது. பாண்டிமீனாவிடம் சட்டை இல்லை. அதைச் சொல்லலாம். சொன்னால் அவன் முகம் சுருங்கும், எல்லாரும் சிரிப்பார்கள், சிரிப்புக்காகச் சொன்னதாகிவிடும். வேண்டாம்.

எப்படித் தொடங்குவது. “நான் என்ன சொல்ல வர்றேன்னா.” வேண்டாம், சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் வந்துகொண்டேதான் இருப்பார்கள். “தப்பா நெனச்சுக்காதீங்க.” அப்படிச் சொன்னால் தப்பாகத்தான் நினைப்பார்கள். “எனக்கு ஒரு சந்தேகம்.” சந்தேகம் இல்லையே. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, அதைப் பிரிக்கும்போது ஒரு சத்தம் வரும் என்று பயமாக இருந்தது, அந்தச் சத்தத்துக்கே திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயமாக இருந்தது. எத்தனை பேருக்கு அந்தத் தண்ணீர் பிடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தீர்மானம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதிலிருந்தே ராயன்காரர் முகத்துக்கு அஞ்சிப் பலரும் மூலைக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பாண்டிமீனாவிடம் வாங்கி கார் டிக்கியில் போர்வை போட்டு மூடிக் கொண்டுவருகிறார்கள். டாக்டர் வீட்டில், வக்கீல் வீட்டில், அம்சவேணி அக்கா வீட்டில். கேனுக்குப் போர்வை போர்த்துகிற ஊர் வேறெங்காவது இருக்குமா? இவ்வளவு படித்தவர்கள், தண்ணீரைச் சாராயம் மாதிரி கடத்துகிறார்கள், கீழே வந்து கை தட்டுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கும் இல்லை. அவளும் உட்கார்ந்துதான் இருக்கிறாள். பெரியப்பா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறதோ? இரண்டு பேரும் போட்டியில் ஓய்ந்துபோய் இரண்டு பேரும் வராமல் போனால்? ஆனால் போன கோடையில் ஒருத்தர் மட்டும்தானே இருந்தார், வராமல் போனாரே. அவருக்கு அவசரம் இல்லை, நாம் வேறு எங்கேயும் போக மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். சமம் என்றால் எல்லாருக்கும் சமமாகத் தண்ணீர் இல்லாமல் போவதா? இந்த வரி நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே சொல்லக் கூசியது. பழக்கம் என்று பார்த்தால் கேட் போடுவதற்கு முந்தின பழக்கம் என்ன? வாசலுக்கு யார் வேண்டுமானாலும் வருவார்கள், வேண்டியவர் வாங்குவார், வேண்டாதவர் வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு வாசலிலும் இருந்தது. இப்போது அதை எல்லா வாசலிலிருந்தும் பிடுங்கி ஒரு மேசையில் வைக்கிறார்கள். அப்படியானால் பழசைக் காப்பாற்றுகிறவள் யார், மாற்றுகிறவர் யார்? வெளியே பாண்டிமீனா விசிறுவதை நிறுத்திவிட்டு இறங்கி நின்று கம்பி வழியாக உள்ளே பார்த்தாள். யாரைத் தேடுகிறாள் என்று மங்கைக்குத் தெரிந்தது. கூப்பிட்டது யார்? கூப்பிட்டவள் உள்ளே உட்கார்ந்திருக்க, வந்தவளை வாட்ச்மேன் வாயால் போகச் சொல்வது எந்த வீட்டு முறை? கல்யாணப் பந்தலில் கூடச் செய்ய மாட்டார்களே.

“ஆட்சேபனை இல்லையே?” என்று நாச்சிமுத்து கேட்டுவிட்டார்.

அவர் கை மேசைக்கு மேலே உயர்ந்து நின்றது. நாற்காலி பின்னால் உராய்ந்து கீச்சிட்டது. அது தன் நாற்காலிதான் என்பதும் தான் எழுந்துவிட்டோம் என்பதும் அவளுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. எல்லாரும் திரும்பினார்கள். “என்ன அம்மிணி, பாத்ரூம் போகோணுமா?” என்று யாரோ கேட்க, சிரிப்பு. “இருக்குதுங்க பெரியப்பா” என்றாள். “எது கண்ணு?” என்றார் நாச்சிமுத்து. “ஆட்சேபனைங்க.” உயர்ந்த கையை அவர் மெதுவாக இறக்கி, சத்தம் வராமல் மேசையில் வைத்தார். “சொல்லு கண்ணு.” தயாரித்து வைத்த வரிகளில் ஒன்றுகூட வரவில்லை. “ராயன் அண்ணங்கிட்ட வாங்கறவங்க வாங்கட்டுமுங்க. வேண்டாங்கறவங்க பாண்டிமீனாக்காகிட்ட வாங்கட்டும். எங்க வீட்டுக்கு எந்தத் தண்ணின்னு எங்கம்மா முடிவு பண்ணட்டுமுங்க. எதுக்குங்க அதுக்கு ஒரு தீர்மானம்? கேட்டைத் தொறந்து வெச்சா யாருக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லீங்களே.” “வந்துட்டாங்கய்யா முதலாளி அம்மா” என்றான் ஆதவன், வேடிக்கையாகத்தான். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. “இப்பிடிச் சொல்லச் சொல்லி உங்கப்பா சொல்லியுட்டாரா?” அப்பா பெயரைச் சொல்லிவிடலாம். அதற்குள் நுழைந்து ஒளிந்துகொள்ளலாம், குடை மாதிரி. “இல்லீங்க பெரியப்பா. அப்பா உங்க பேச்சைத் தட்ட வேண்டாம்னுதான் சொன்னாருங்க. நானாத்தான் சொல்றேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் தீபாவளியை அவரும் நினைத்திருப்பாரா? நினைத்தாலும் சொல்ல மாட்டார். சொல்ல மாட்டார் என்று தெரிந்ததில் அவளுக்கு இன்னும் கூசியது. “தொழில் போட்டியில ஒருத்தன் வண்டிய இன்னொருத்தன் அடிச்சு நொறுக்கறதைக் கண்ணால பாத்தவன் நான், கண்ணு. நீ புஸ்தகத்துல பாத்தவ.” “இருக்கலாமுங்க. ஆனா நீங்க கையத் தூக்கச் சொல்லி எண்ணிப் பாருங்க. பேசாம இருக்கறவங்க எல்லாம் சரின்னு சொல்றதா எனக்குத் தோணலீங்க.” கை எண்ணச் சொல்வது அவர் பெருமையாகச் சொல்லும் மில் வழக்கத்தையே விடச் சொல்வது என்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அவர் மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு, “சரி. கேட்டுட்டா. தீர்மானத்துக்கு ஆதரவா இருக்கறவங்க கையத் தூக்குங்க” என்றார்.

ஆதவனின் கை முதலில் போனது. அப்புறம் டாக்டர், வக்கீல். கைகள் ஒவ்வொன்றாக, பக்கத்துக் கையைப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டு, ஈரத் துணியைக் கொடியில் போடுவது போல உயர்ந்தன. பின்வரிசையில் வளையல் சத்தம் கேட்டது. அம்சவேணி அக்காவின் வளையல் என்று திரும்பாமலே தெரிந்தது. எதிர்ப்பு என்று கேட்டபோது மங்கை கையைத் தூக்கினாள். கை கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், அப்படி ஒன்றும் இல்லை. நாச்சிமுத்து முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் நிதானமாகப் பார்த்தார், ஒருத்தர்தான் என்று தெரிந்தும் ஒவ்வொரு நாற்காலியையும் பார்த்தார். சிலர் தூக்கவேயில்லை, இதற்கும் இல்லை, அதற்கும் இல்லை. “எதிர்ப்பு ஒண்ணு” என்று மைக்கில் சொன்னார். மேசையைத் தட்டாமலே “நிறைவேறிச்சு” என்றார். தேநீர் வந்தது. நாற்காலிகள் வட்டம் வட்டமாகத் திரும்பிக்கொண்டன. மங்கை யாரையும் பார்க்காமல் கேட்டுக்கு நடந்தாள். வாட்ச்மேன் சின்னக் கதவைத் திறந்துவிட்டார். “என்னா பாப்பா, மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கெடக்கு?” என்றாள் பாண்டிமீனா. “நாளையில இருந்து வண்டி உள்ள வரக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்கக்கா. நான் வேண்டாம்னு சொன்னேன். நடக்கலை. நாந்தானே கூப்பிட்டேன், அதனால நானே சொல்லணும்னு வந்தேன்.” பாண்டிமீனா கையிலிருந்த அட்டையை நாலாக மடித்தாள். “நீயா பேசுன? அம்புட்டுப் பேருக்கும் முன்னாடியா?” என்றாள். அப்புறம் ரோட்டின் எதிர்ப்பக்கம் இருந்த வேப்பமரத்தைக் காட்டி, “ரோடு அவுக அப்பன் வீட்டுது இல்லைல்ல? அங்கிட்டு நிப்பேன். வாரவுக வரட்டும்” என்றாள். “ஒரு கேன் இறக்குங்கக்கா” என்றாள் மங்கை. “ஒத்தையாளாத் தூக்குவியா? இடுப்பு ஒடிஞ்சிரும் தாயி.” “இறக்குங்க.”

கேனைக் கழுத்தோடு பிடித்து, வயிற்றில் சாய்த்துக்கொண்டு அவள் உள்ளே நடந்தாள். கொஞ்ச தூரம் போய் இறக்கிவைத்தாள், மூச்சு விட்டாள், மறுபடியும் தூக்கினாள். சுடிதாரின் முன்பக்கம் நனைந்துவிட்டது. தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களின் நடுவே, நாற்காலிகளுக்கு இடையில் இருந்த கோணல் வழியாகத்தான் லிஃப்டுக்குப் போக வேண்டும். ஆதவன் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டான். லிஃப்டின் முன்னால் கேனை இறக்காமல், பொத்தானை அழுத்தக் கையை எடுத்தால் நழுவிவிடும் என்று அதை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றாள். நாச்சிமுத்து கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் வந்ததும் கதவை உள்ளங்கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு, அவள் கேனை உள்ளே கொண்டுபோய் வைக்கும் வரைக்கும் நின்றார்.